‘சரியும்’ என்றால் கடுமையாம்

பலாங்கொடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "நான் வேணாம்னு சொல்றதுக்குச் சம்பளம் தர்றாங்க அத்தை. அதைக் கேக்குறதுக்குத்தான் ஆள் போடல."

அவள் கொழும்பில் அரசாங்கச் சுற்றாடல் அலுவலகத்தில் விஞ்ஞான ஆலோசகராம்.

"நம்ம லயத்து வீடுங்களுக்கு மேல கல்குவாரி போட ஒரு கம்பெனி அனுமதி கேட்டுச்சு. வெடி வச்சா மலை சரியும்னு கூட்டத்துல சொன்னேன்."

"உங்க ஆபீஸ் பெரிய மாத்தயா என்னா சொன்னாரு?"

"சரியும்ங்கிறது கடுமையான வார்த்தையாம். அசையலாம்னு சொல்லச் சொன்னாரு."

அத்தை சத்தமாகச் சிரித்தார். "அவரு அங்க வந்து படுக்கட்டும். மெதுவா அசையும். நீ என்னா சொன்ன?"

"சரியும்னுதான் திரும்பவும் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடல. குவாரிக்கு அனுமதி குடுத்துட்டாங்க."

அத்தையின் சிரிப்பு நின்றது. "அப்ப இப்ப எதுக்கு வர்ற?"

"லயத்து ஆளுங்களக் கூட்டி வச்சு அதையே சொல்லப் போறேன்."

"வேலை போயிரும் புள்ள."

"போகட்டும். அங்க நாற்காலிய சூடாக்குறதத் தவிர எனக்கு என்னா வேலை?"

அத்தை போனை எடுத்தார்.

"தோட்டத் தலைவருக்குச் சொல்றேன், நாளைக்கே கோயில்ல எல்லாரும் கூடட்டும். நீ சிங்களத்துலயும் பேசணும். கீழ சிங்களக் கிராமத்து ஆளுங்களும் வரணும்ல."