பாதிக் கரி

– காரியம்கூட இன்னும் முடியலையே, தனம். அதுக்குள்ள ஏன் கிளம்பி வந்தே? சொல்லியனுப்பியிருந்தா நானே ரோஸ் பெல்லுக்கு வந்திருப்பேனே.

– இன்று ஞாயிறு, அக்கா. லிசின் மூடி இருக்கிறது. வேலை இல்லை. பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது.

– ஃபேக்டரி லீவுன்னா வீட்டுல படுக்கணும்மா. சரி, வந்தது வந்துட்டே. இட்லி இருக்கு, ரெண்டு வைக்கட்டுமா?

– வைக்கவும். சாப்பிடுகிறேன்.

– நீ கிரியோல்லயே பேசேன். இந்தத் தீவுக்கு வந்து இத்தனை வருஷமாச்சு, எனக்கு நல்லாவே புரியும். கோயில் வகுப்புல படிச்ச தமிழை வச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படறே?

– கிரியோலில் சொன்னால் அழுகை வரும். தமிழில் வராது. பாடம் ஒப்பிப்பது போல இருக்கிறது. அதுவே நல்லது.

– சரி. தமிழ்லயே சொல்லு. சாவுக்கு வந்தப்போ உன்கிட்ட ஒண்ணும் கேக்க முடியலை. அலமேலுக்கு அன்னிக்கு என்னதான் ஆச்சு? முதல் நாள் பார்த்தேனே, உன் தங்கச்சி எவ்வளவு சிரிச்சா.

– காலையிலும் சிரித்தாள். நாங்கள் இருவரும் ஒன்றாக லிசினுக்குப் போனோம். பாரிஸுக்கு ஸ்வெட்டர் போக வேண்டும், எல்லோருக்கும் ஓவர்டைம். மாலையில் சாயப் பட்டறையில் பாய்லர் வேகமாக ஓடியது. காற்று எங்கள் பக்கம். புகை மேலே போகவில்லை. தரையில் நடந்து வந்தது.

– அவளுக்கு இழுப்பு இருக்குன்னு சூப்பர்வைசருக்குத் தெரியுமே.

– தெரியும். மார்லென் நல்லவள். வீட்டுக்குப் போ என்றாள். நான் அலமேலுவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வீட்டிலும் அதே புகைதானே, அக்கா.

– பம்ப் இல்லையா?

– அடித்தாள். மறுபடியும் அடித்தாள். உதடு நீலம் ஆனது. என் வீட்டுக்காரர் கோபாலன் கார் தேடி ஓடினார். வழி முழுக்கக் கரும்பு லாரி. அவள் தலை என் மடியில். ஆஸ்பத்திரி கேட் தெரிந்தது. நான் சொன்னேன், பார், வந்துவிட்டோம். அவள் பார்க்கவில்லை. ஃபினி.

– கடவுளே.

– டாக்டர் கார் கதவைத் திறந்தார். பார்த்தார். என் தோளில் கை வைத்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் ஒன்றும் ஆகவில்லை. இட்லி நன்றாக இருக்கிறது.

– இன்னும் ஒண்ணு வைக்கறேன். நீ உடனே வேலைக்குப் போயிட்டியாமே?

– போனேன். அவள் மெஷினில் வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாள். குட்லண்ட்ஸ் பக்கத்துப் பெண், வேலை தெரியாது. பக்கத்து மெஷின் என்னுடையது. அதனால் நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். காலர் எப்படி, கை எப்படி.

– உன்னால எப்படி முடியுது?

– பா கோனே. தெரியாது. கை செய்கிறது. நான் பார்க்கிறேன்.

– டைரக்டர் வந்தாரா, அந்த எட்மோன்?

– மிஸ்யே எட்மோன் வந்தார். பெரிய மலர் வளையம் கொண்டுவந்தார். கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு நாள் பெண்கள் எல்லோரும் அவர் ஆபீசுக்குப் போனோம். சிம்னியில் வடிகட்டி போடுங்கள் என்று கேட்டோம்.

– கத்தினாரா?

– இல்லை. உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, லிசினுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் நிற்கும் கோயில் மாமரங்களைக் காட்டினார். "உங்கள் மாதாம் ரமாமணியே ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார். அந்த மரங்கள் பாதிக் கரியைப் பிடித்துவிடுகின்றன. கடவுள் கொடுத்த வடிகட்டி இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்றார்.

– என் பேரைச் சொல்லியா?

– உங்கள் பெயரைச் சொல்லித்தான். பாரிஸிலிருந்து துணி வாங்க வருகிறவர்களையும் அங்கேதான் அழைத்துப் போகிறார். மரத்தின் கீழே நிற்க வைத்து போட்டோ எடுக்கிறார்கள். எங்கள் லிசின் பச்சை லிசின் என்று சொல்கிறார்.

– பாரு தனம், நான் அதை எதுக்கு எழுதினேன்னு உனக்குத் தெரியும். ஃபேக்டரிக்காரங்க லாரி நிறுத்த அந்த இடத்தைக் கேட்டாங்க. கோயில் கமிட்டியும் தலையாட்டிடுச்சு. மரம் சும்மா நிக்கலை, உங்களுக்காக வேலை செய்யுதுன்னு காட்டினாத்தான் விடுவாங்கன்னு நினைச்சேன்.

– தெரியும். நானும் அலமேலுவும்தானே இலை பறித்துக் கொடுத்தோம்.

– யூனிவர்சிட்டில எல்லாரும் சிரிச்சாங்க. மாவிலையைக் கழுவறதுக்கு ஒரு டாக்டரேட்டான்னு. கழுவின தண்ணியை வடிகட்டி, தங்கற கரியை நிறுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தேன். உங்க முதலாளிங்க, அது கரும்புத் தோட்டம் கொளுத்தற கரின்னாங்க. அறுவடை முடிஞ்சப்புறமும் விடாம எடுத்தேன். குறையவே இல்லை.

– தைப்பூசத்துக்குத் தோரணம் கட்டும்போது அந்த இலையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். அப்படியும் கை கறுப்பாக இருந்தது.

– மரத்துக்கு அந்தப் பக்கம் விழற கரியில பாதிதான் உங்க வீட்டுப் பக்கம் விழுந்தது. அதைச் சொன்னேன். மரம் தப்பிச்சுது.

– ஆமாம். அன்று கோயிலில் பொங்கல் வைத்தோம். அலமேலு உங்களுக்கு மாலை போட்டாள்.

– அடுத்த பக்கத்துலயே எழுதியிருக்கேன். புகையில இருக்கற கந்தக வாயுவை மரத்தால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, மீதிக் கரியும் மூச்சோட உள்ளதான் போகுது, மரமும் ரொம்ப நாள் தாங்காதுன்னு. அந்தப் பக்கத்தை ஒருத்தரும் புரட்டலை.

– புரட்டினாலும் மிஸ்யே எட்மோன் படிக்க மாட்டார்.

– வெள்ளிக்கிழமை அரசாங்க ஆபீஸ் ஒண்ணுக்குப் போனேன். அங்க ஒரு அதிகாரி. அலமேலு செத்ததைச் சொன்னேன். வருத்தமா கேட்டுக்கிட்டார். அப்புறம், "உங்க மரங்கள் இவ்வளவு நல்லா வேலை செய்யுதே மாதாம், பெண்களுக்கு வேலை குடுக்கற ஃபேக்டரியை ஏன் தொந்தரவு பண்ணணும்?"னார்.

– நீங்கள் என்ன சொன்னீர்கள்?

– ஃபைலை எடுத்துக்கிட்டு எழுந்துட்டேன். படியிறங்கி வந்து பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்தேன். எந்த பஸ்ல ஏறணும்னு தோணவே இல்லை. அலமேலுக்காக அழணும்னு பார்க்கறேன். அதுவும் வரமாட்டேங்குது.

– எனக்கும் அப்படித்தான். பரவாயில்லை, அக்கா. வரும்போது வரட்டும்.

– நீ வந்து எனக்கு ஆறுதல் சொல்றே.

– ஒரு கேள்வி. மரம் இல்லை என்றால் கரி எவ்வளவு வரும்?

– இப்போ உங்க பக்கம் வர்றதைப் போல ரெண்டு மடங்கு.

– அப்போது மிஸ்யே எட்மோன் ஜன்னலில் என்ன காட்டுவார்?

– என்னத்தைக் காட்டுவார்? வெட்டவெளியைத்தான். அப்போ வடிகட்டி போட்டே ஆகணும். அந்த அதிகாரியும் என் வாயை அடைக்க முடியாது. நல்லவேளை, மரமாவது இருக்கு. அதுவும் இல்லைன்னா உங்க தெருக் குழந்தைங்க கதி என்ன ஆகும்?

– பக்கத்து வீட்டு இவெட்டின் குழந்தைக்கு இழுப்பு ஆரம்பித்துவிட்டது. மரம் இருக்கும்போதே.

– அந்தச் சின்னதுக்கா? நடக்கவே ஆரம்பிக்கலையே அது.

– அதற்குத்தான். நீங்கள் மறுபடி எழுதுவீர்களா?

– எழுதறேன். ஆனா எழுதணும்னா மறுபடியும் அளக்கணும் தனம். ஒரு வருஷமாவது எடுத்தாத்தான் அவங்க வாயைத் திறக்காம இருப்பாங்க.

– ஒரு வருஷம் வேண்டாம். இவெட்டின் குழந்தைக்கு ஒரு வருஷம் அதிகம்.

– சரி. ஒரு மாசம். முதல்ல கொஞ்சம் கொண்டுபோய்க் காட்டறேன். மீதியை அப்புறம் பார்த்துக்கலாம். வர்ற சனிக்கிழமை ஆரம்பிக்கட்டுமா?

– இன்று வாருங்கள். என்னோடு. அதற்குத்தான் வந்தேன். நாளைக் காலையில் பாய்லர் போடுவார்கள். முதல் புகையிலிருந்து அளக்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே தங்குங்கள். அலமேலுவின் கட்டில் இருக்கிறது.

– இன்னிக்கேவா? சரி... சரி, வர்றேன். இங்க உட்கார்ந்து நான் என்ன பண்ணப்போறேன். இரு, கண்ணாடித் தட்டெல்லாம் எடுத்துக்கறேன். வெள்ளைத் துணியும் வேணும். உன் வீட்டுக்காரர்கிட்ட ஏணி இருக்கில்ல? மேல்கிளையில ஏறிப் பறிக்கணும். இலை போடற பையை எங்க வச்சேன்...

– பை வேண்டாம், அக்கா. நேற்று லிசின் விட்டதும் சூடம் காட்டிக் கும்பிட்டோம். பிறகு பெண்கள் எல்லோரும் சேர்ந்து, ஒரு மரம் விடாமல் வெட்டினோம்.