வெள்ளிக்கிழமைப் படங்கள்

ஷகீலா: சிரிக்காதீங்க. கண்காட்சியில என் கண்ணால பார்த்தேன். அந்தம்மா உங்க படத்துக்கு முன்னாடி நின்னு தலையைச் சரி பண்ணிக்கிட்டு செல்ஃபி எடுத்தாங்க. படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

ஷரஃபுதீன்: கண்ணாடி போட்ட ஃபிரேமு. முகம் நல்லாத் தெரிஞ்சிருக்கும்.

ஷகீலா: ராயப்பேட்டையில பை தைக்கிற ஷரஃபுதீன் பாய் எடுத்த படம் அடையாறுல ஏசி ஹாலுல தொங்குது. அதுல எல்லாரும் மூஞ்சி பார்க்குறாங்க.

ஷரஃபுதீன்: தொங்குதில்ல? எனக்கு அது போதும்.

ஆட்டோக்காரர்: பாய், சாந்தோம் இஸ்கூலு தான? பட்டினப்பாக்கம் வழியா வுட்டுர்றேன். மயிலாப்பூருக்குள்ள பூந்தா அவ்ளோதான். லஸ்ஸாண்ட மெட்ரோக்காரன் தோண்டி வச்சிக்கீறான். மழை வேற.

ஷரஃபுதீன்: எப்படியாவது போங்க. மூணு மணிக்குள்ள போகணும். பொண்ணோட டீச்சர் கூப்பிட்டிருக்காங்க.

ஷகீலா: போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. அப்புறம் ஆர்டர், டெலிவரின்னு வரவே இல்லை. சிம்ரா கேக்குறா, "நான் எத்தனாவது படிக்கிறேன்னு அத்தாவுக்குத் தெரியுமா?"ன்னு.

ஷரஃபுதீன்: ஏன் தெரியாது? எட்டாவது.

ஷகீலா: ஒன்பதாவது.

ஷரஃபுதீன்: ...அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஷகீலா: வாரம் ஆறு நாள் தையல் யூனிட்டு. ஏழாவது நாள் கேமரா. நடுவுல நாங்க எங்கயாவது இருக்கோமா? சரி, அதைக் குடுங்க இப்படி. ஆண்டு விழாவுல அவ ஆடுனதை எடுத்தீங்கல்ல, டீச்சருக்குக் காட்டணும்.

ஷரஃபுதீன்: பேட்டரி இல்லை ஷகீ.

ஷகீலா: மூணு கோடு காட்டுது.

ஷரஃபுதீன்: அது அப்படித்தான் காட்டும். சட்டுனு நின்னுடும்... ஏய், புடுங்காதே. மழையில நனைஞ்சிடும்.

ஷகீலா: ஆட்டோவுக்குள்ள என்ன மழை? இதானே பட்டன்... இது என்ன?

ஷரஃபுதீன்: சுவரு.

ஷகீலா: தெரியுது. எதுக்கு சுவரு?

ஷரஃபுதீன்: வெயில் சாய்ஞ்சு விழும்போது... அந்தக் காரை, அந்த நிழலு... அதுவும் ஒரு அழகுதான். உனக்குப் புரியாது.

ஷகீலா: அடுத்ததும் சுவரு. அதுக்கு அடுத்ததும் சுவரு.

ஷரஃபுதீன்: அழுத்திக்கிட்டே போகாதே. பட்டன் போயிடும்.

ஷகீலா: பச்சை பெயிண்ட்டு... என்னங்க, இது நம்ம யூனிட்டுதானே? மாடிப்படி பக்கத்துச் சுவரு.

ஷரஃபுதீன்: இருக்கும்.

ஷகீலா: இருக்கும்னா? எல்லாப் படத்துலயும் ஒரு ரூபாய் காசு ஒட்டி வச்சிருக்கீங்க.

ஷரஃபுதீன்: அளவுக்கு.

ஷகீலா: எதை அளக்க? செப்டம்பர் அஞ்சு. பன்னெண்டு. பத்தொன்பது... ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்திருக்கீங்க. ஜும்மா முடிஞ்சு வீட்டுக்கு வர ஏன் லேட்டாகுதுன்னு கேட்டா, பிரியாணி கடையில கூட்டம்னீங்க!

ஷரஃபுதீன்: மெதுவாப் பேசு.

ஷகீலா: விரிசலைத்தானே அளக்குறீங்க?

ஷரஃபுதீன்: பக்கத்து மனையில ஃபிளாட் கட்டுறதுக்குப் பள்ளம் தோண்டுறாங்கல்ல... அந்த மெஷின் ஆட்டத்துல வந்த கீறலு. மேல் பூச்சுதான்னு சுப்புராயன் சொன்னாரு.

ஷகீலா: கட்டட ஓனர் வேற என்ன சொல்வாரு? அவரா உள்ள உக்காந்து தைக்கிறாரு?

ஷரஃபுதீன்: மழை நின்னதும் ஆளு வச்சுப் பூசித் தர்றேன்னாரு.

ஷகீலா: முதல் படத்துல காசோட விளிம்பு அளவுகூட இல்லை. இதுல பாருங்க... காசே உள்ள போயிடும் போல இருக்கு. இது எப்ப எடுத்தது?

ஷரஃபுதீன்: நேத்து.

ஷகீலா: உள்ள கையை வச்சுப் பார்த்தீங்களா?

ஷரஃபுதீன்: ...விரல் போகுது.

ஷகீலா: யா அல்லாஹ்! பன்னெண்டு பொம்பளைங்க வேலை செய்யுற இடம். அவங்க யாருமே பார்க்கலையா?

ஷரஃபுதீன்: துணி பேல் மூட்டையை அடுக்கி மறைச்சிருக்கேன்.

ஷகீலா: மறைச்சீங்களா? எப்படிங்க தூக்கம் வருது உங்களுக்கு?

ஷரஃபுதீன்: வரலை. வேற இடம் தேடாம இல்லை ஷகீ. ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒண்ணு பார்த்தேன், ஜனவரியிலதான் காலியாகும். பொங்கல் பை ஆர்டர் இதுதான் நமக்கு வருஷத்துக்கே. நடுவுல நிறுத்துனா அடுத்த வருஷம் கூப்பிடவே மாட்டாங்க. சந்திரிகாவுக்கு, ஷீலாவுக்கு, எல்லாருக்கும் வேலை போயிடும். ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் நிக்கட்டும்னுதான்...

ஷகீலா: இருங்க. இதைப் பெருசாக்க எதை அழுத்தணும்?

ஷரஃபுதீன்: விடு. வந்து பேசிக்கலாம். டீச்சர் கிட்ட...

ஷகீலா: எதை அழுத்தணும்னு கேட்டேன்.

ஷரஃபுதீன்: ...அந்த பிளஸ்.

ஷகீலா: நேத்து எடுத்ததுல, விரிசலுக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரியுதே. அது என்ன?

ஷரஃபுதீன்: ஃபிளாஷ் பட்டிருக்கும்.

ஷகீலா: ஃபிளாஷ் போட்டீங்களா?

ஷரஃபுதீன்: போடலை... காட்டு.

ஷகீலா: இங்க.

ஷரஃபுதீன்: இன்னும் கொஞ்சம் பெருசாக்கு... கீழ இறக்கு...

ஷகீலா: என்னங்க? ஏன் பேச மாட்டேங்குறீங்க?

ஷரஃபுதீன்: வெளிச்சம்.

ஷகீலா: என்ன வெளிச்சம்?

ஷரஃபுதீன்: வெளிய இருந்து வர்ற வெளிச்சம் ஷகீ. அந்தச் சுவரு ஒன்றரை அடி கனம். அந்தப் பக்கம் தெரியுது. சின்ன ஸ்கிரீன்ல நான் கவனிக்கவே இல்லை... அண்ணே! வண்டியைத் திருப்புங்க. ராயப்பேட்டை போங்க.

ஆட்டோக்காரர்: இன்னா பாய், பிரிட்ஜ் மேல போய்க்கினு கீறோம். நடுவுல எப்டி திருப்புறது?

ஷரஃபுதீன்: எப்படியாவது போங்கண்ணே! அங்க ஜனங்க இருக்காங்க.

ஆட்டோக்காரர்: சரி, சரி. எறங்குனதும் க்ரீன்வேஸ் ரோட்ல வெட்டிர்றேன். ம்மா, கம்பியைப் புடிச்சுக்க.

ஷகீலா: போனைப் போடுங்க முதல்ல. சந்திரிகாவுக்குப் போடுங்க.

ஷரஃபுதீன்: போட்டுட்டேன். அடிக்குது... எடுக்கலை.

ஷகீலா: மறுபடி போடுங்க.

ஷரஃபுதீன்: மெஷின் சத்தத்துல கேக்காது. நான்தான் சொல்லி வச்சேன், வேலை நேரத்துல போனைப் பைக்குள்ள போடணும்னு.

ஆட்டோக்காரர்: பாய், கீழ கடை எதுனா கீதா? அவனுக்கு ஒரு போனைப் போடு.

ஷரஃபுதீன்: கீழ குடோன். பூட்டிக் கிடக்கும்.

ஷகீலா: எதிர்ல பெயிண்ட் கடை?

ஷரஃபுதீன்: நம்பர் இல்லை. பத்து வருஷமா எதிர்ல இருக்கான், நம்பர் வாங்கலை நான்... எடு, சந்திரிகா, எடு...

ஷகீலா: உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? மூச்சை இழுத்து விடுங்க. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச உடம்பு.

ஷரஃபுதீன்: நீ ஸ்கூலுக்குப் போ. மந்தைவெளியில இறங்கி வேற ஆட்டோ புடிச்சுக்கோ.

ஷகீலா: எங்கயும் இறங்க மாட்டேன். போடுங்க போனை.

ஷரஃபுதீன்: ஹலோ! சந்திரிகா!

சந்திரிகா: பாய்... கேக்கல பாய்... இருங்க, மெஷினை நிறுத்தச் சொல்றேன். ஏய், நிறுத்துங்கடி... ஆங், சொல்லுங்க பாய்.

ஷரஃபுதீன்: எல்லாரும் எங்க இருக்கீங்க?

சந்திரிகா: இங்கதான். ரெண்டாவது மாடியில. எங்க போவோம்?

ஷரஃபுதீன்: எல்லாரையும் கீழ கூட்டிட்டுப் போ. இப்பவே.

சந்திரிகா: இன்னா ஆச்சு பாய்?

ஷரஃபுதீன்: கேள்வி கேக்காதே. ஓடக் கூடாது. ரெண்டு ரெண்டு பேரா இறங்குங்க. சுவத்துல கை வைக்கக் கூடாது. டீ குடிக்கப் போலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ. பயமுறுத்தாதே.

சந்திரிகா: பாய்... காலையில வந்தப்போ மாடிப்படி கதவு தொறக்கவே இல்ல. நாலு பேரு சேர்ந்து இடிச்சுத்தான் உள்ள வந்தோம்.

ஷரஃபுதீன்: இடிச்சீங்களா?... போனை வைக்காதே. லைன்லயே இரு. இறங்கு.

ஷகீலா: வேற வழியே இல்லையா? மாடிப்படி அந்தச் சுவரை ஒட்டித்தானே இருக்கு?

ஷரஃபுதீன்: ஒரே படிதான்.

ஆட்டோக்காரர்: யோவ், வழி வுடுய்யா! அவசரம்! ...சிக்னலாவது ஒண்ணாவது. நீ போனைப் பாரு பாய், ரோட்டை நான் பார்த்துக்கறேன்.

சந்திரிகா: பாய், மொத ரெண்டு பேரு இறங்கிட்டாங்க... இன்னும் ரெண்டு... ஏய், குடையை விட்டுட்டு போடி, அப்புறம் எடுத்துக்கலாம்... பாய், படியெல்லாம் மண்ணாக் கொட்டிக் கிடக்கு.

ஷரஃபுதீன்: பார்த்து. பார்த்து இறங்கு.

ஷகீலா: அல்லாவே... அல்லாவே...

சந்திரிகா: வெளிய வந்துட்டோம் பாய். ரோட்டுல நிக்கிறோம்.

ஷரஃபுதீன்: அல்ஹம்துலில்லாஹ். தள்ளிப் போய் நில்லுங்க. பெயிண்ட் கடைப் பக்கம் போயிடுங்க. எண்ணிப் பார்த்தியா?

சந்திரிகா: இருங்க... ரெண்டு, நாலு, ஆறு... பத்து... என்னோட பதினொண்ணு.

ஷரஃபுதீன்: பன்னெண்டு வரணுமே.

சந்திரிகா: ஷீலா எங்கடி? ...பாய், ஷீலா பாத்ரூம் போயிருந்தாளாம். யாரும் கவனிக்கல.

ஷகீலா: யாருமே கூப்பிடலையா அவளை?

சந்திரிகா: நான் போய்க் கூட்டியாறேன்.

ஷரஃபுதீன்: வேணாம்! உள்ள போகாதே. கீழ இருந்து கத்து.

சந்திரிகா: ஷீலா! ஏய் ஷீலா!... பாய், அவளுக்கு மூணு வயசுல கொழந்த கீது பாய்... ஷீலா!... அய்யோ, பாய், அங்க பாருங்க, சுவரு...

ஷரஃபுதீன்: சந்திரிகா? சந்திரிகா!

ஷகீலா: என்ன சத்தம் அது? என்னங்க, என்ன சத்தம்?

ஷரஃபுதீன்: கட் ஆயிடுச்சு.

ஷகீலா: போடுங்க!

ஷரஃபுதீன்: அடிக்குது... எடுக்கலை. 

ஷகீலா: ஃபயர் சர்வீசுக்கு நான் போடுறேன்... ஹலோ, ராயப்பேட்டையில கட்டடம் இடிஞ்சிடுச்சுங்க. மேல ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டிருக்கா... மணிக்கூண்டுக்குப் பின்பக்கம். பக்கத்துல ஃபிளாட்டுக்குப் பள்ளம் தோண்டியிருக்காங்க, அதை ஒட்டி இருக்கிற பச்சைக் கட்டடம்... சீக்கிரம் வாங்க.

ஷரஃபுதீன்: நான்தான். நான்தான் கொன்னுட்டேன்.

ஷகீலா: வாயை மூடுங்க.

ஷரஃபுதீன்: பதிமூணு வெள்ளிக்கிழமை ஷகீ. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் நின்னு ஃபோகஸ் சரியா இருக்கான்னு பார்த்தேன். கை ஆடாம படம் எடுத்தேன். ஒரு தடவை கூட "எல்லாரும் இறங்குங்க"ன்னு சொல்லத் தோணலை. ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்.

ஷகீலா: என்னால முடியலைங்க.

ஆட்டோக்காரர்: பாய், ராயப்பேட்டை ஹை ரோடு வந்தாச்சு. முன்னாடி ஒரே ஜாமு. கூட்டம் நிக்குது.

ஷரஃபுதீன்: இறங்கி ஓடுறேன்.

ஷகீலா: அஞ்சு நிமிஷம் ஓடுனா உங்க நெஞ்சு தாங்காது. உக்காருங்க... போன்! போன் அடிக்குது!

ஷரஃபுதீன்: நீ எடு. ஸ்பீக்கர்ல போடு.

ஷகீலா: சந்திரிகா? ஷீலா எங்க?

சந்திரிகா: அக்கா... படி மொத்தமும் விழுந்துடுச்சு அக்கா. அந்தப் பக்கத்துச் சுவரு அப்படியே பள்ளத்துல போயிடுச்சு. ஒரே புழுதி. ஒண்ணுமே தெரியல...

ஷகீலா: ஷீலா எங்கடி?

சந்திரிகா: ரோட்டுப் பக்கத்து ஜன்னலாண்ட நின்னுக்கினு கத்துனா. பெயிண்ட் கடைக்காரங்க ஏணியைத் தூக்கினு ஓடியாந்தாங்க. கம்பியை நெம்பி எடுத்து எறக்கிட்டாங்க அக்கா. முட்டியில ரத்தம். கை தேய்ஞ்சிருக்கு. தண்ணி குடிச்சா. பேசுறா.

ஷரஃபுதீன்: உயிரோட இருக்காளா? என்கிட்ட பேசச் சொல்லு.

சந்திரிகா: அழுவுறா பாய். இப்ப பேச மாட்டா. இங்கதான் என் மேல சாஞ்சுக்கினு உக்காந்திருக்கா.

ஷரஃபுதீன்: அல்லாஹ்... சந்திரிகா, என்னை மன்னிச்சிடும்மா. எனக்குத் தெரியும். விரிசல் இருக்குன்னு மூணு மாசமாத் தெரியும். உங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பேலை அடுக்கி மறைச்சேன்.

சந்திரிகா: ...உங்களுக்கும் தெரியுமா பாய்?

ஷரஃபுதீன்: "உங்களுக்கும்"னா? வேற யாருக்குத் தெரியும்?

சந்திரிகா: பேலை நகத்தாம பெருக்க முடியுமா பாய்? தீபாவளிக்கு முன்னாடியே பார்த்துட்டேன். டீ கிளாசுல காரை விழுதுன்னு ஷீலா கூடச் சொன்னா. அன்னிக்கே நான் அக்காவுக்கு போன் பண்ணிச் சொன்னேனே.

ஷரஃபுதீன்: எந்த அக்காவுக்கு?

சந்திரிகா: ...அக்கா, நான் வச்சிடவா?

ஷரஃபுதீன்: ஷகீ. இவ என்ன சொல்றா?

ஷகீலா: ...

ஷரஃபுதீன்: ஷகீலா.

ஷகீலா: உங்களுக்கு ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம்கூட ஆகலை அப்ப. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு... இல்லை, அது மட்டும் இல்லை. ஆர்டர் போயிடுமேன்னும் பயந்தேன். பொங்கல் வரைக்கும் பாய் காதுல போடாதேன்னு நான்தான் அவகிட்டச் சொன்னேன்... அந்தச் சுவரு ஓரம் உக்கார்றவங்களை மட்டும் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுன்னேன்.