நான்காவது நகர்த்தலில் ஒரு குதிரை

மாலை ஆறரை மணி. ஜனவரி மாதம். எகிப்தில், ராஸ் அல்பர் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்துக்கு நாய்கூட இருக்காது. கோடை வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். அந்தச் சாலையில்தான் நம் நண்பன் ஹிலாலின் மாமனார் ஃபிக்ரி தனியாக நடந்துகொண்டிருந்தார்... நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் யாரும் சிரிக்க வேண்டாம்.

அறுபத்தேழு வயது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலோர ஓட்டல் ஒன்றில் மூத்தோர் சதுரங்கப் போட்டி, ஏழு மணிக்கு ஆறாவது சுற்று. கோட்டுப் பையில் ஒரு நோட்டு. அது அவருடையதல்ல.

ஷவ்கியுடையது. பக்கத்து நகரமான டமியட்டாவில் நாற்காலி, மேசை செய்த தச்சர். இருவரும் முப்பது வருஷம் ஒரே காப்பிக்கடையில், ஒரே மேசையில் ஆடியவர்கள். ஷவ்கிக்கு ஒரு கிறுக்கு. நான்காவது நகர்த்தலிலேயே குதிரையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரே ஒரு சிப்பாயை வாங்குவார். அதற்குக் கேம்பிட் என்று பேர். காப்பிக்கடையில் வைத்த பேர் பைத்தியம். எதிராளி எப்படிப் போனால் எப்படி மடக்குவது என்று கிளை கிளையாக எழுதி வைத்திருந்தார்.

"அறுபத்தஞ்சு ஆகட்டும் வாத்தியாரே, மூத்தோர் போட்டியில ஆடிக் காட்டுறேன். அதுவரைக்கும் நீ தொடக் கூடாது, ஆமா!"

சரிபார்க்கச் சொல்லி நோட்டைக் கொடுத்தவர், அறுபத்துநாலில் படுத்துவிட்டார். நுரையீரல்.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை போன். "அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வாயேன்ப்பா." மூன்று தடவையும் ஃபிக்ரி சொன்ன பதில் ஒன்றுதான். "எங்கேயோ வெச்சுட்டேன்... தேடிட்டு வர்றேன்." நோட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது போன் வரவில்லை.

பாதிச் சாலை தாண்டியிருப்பார். பின்னால் சத்தம். கடகட... கடகட... மரப்பெட்டிக்குள் காய்கள் உருளும் சத்தம். நின்றார். அதுவும் நின்றது. நடந்தார். கடகட. கடல் பக்கம் மீன் வாடைதான் வர வேண்டும். வந்தது வார்னிஷ் வாடை. ஃபிக்ரி திரும்பிப் பார்க்கவில்லை. "ஆடமாட்டேன் ஷவ்கி... சத்தியமா ஆடமாட்டேன்" என்று வாய் முணுமுணுத்தது.

ஆடினார்.

எதிரே போர்ட் சயீதில் கப்பலுக்கு வழிகாட்டியாக இருந்த தசூகி. மூன்று நகர்த்தல் எல்லோரும் ஆடுகிற மாதிரிதான் போயிற்று. நான்காவதில் ஃபிக்ரி குதிரையைக் கொண்டுபோய்ச் சிப்பாயின் வாயில் கொடுத்தார். தசூகி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்ன உஸ்தாத், தீவனம் போட்டுக் கட்டுப்படியாகலையா?"

பதின்மூன்றாவது நகர்த்தல் வரை எல்லாம் நோட்டில் இருந்தபடியே நடந்தது. நோட்டு அதோடு முடிந்துவிடும். கடைசி வரி: 'மீதியை ஃபிக்ரியிடம் நேரில் சொல்லணும்.' நூறு தடவை படித்த வரிதான். அப்போதுதான் நெஞ்சில் தைத்தது. வேண்டாம்... தோற்றுப் போய்விடலாம். ஆட்டத்தை விட்டுவிட்டுக் கைகொடுக்க வலது கையை நீட்டினார்.

கை தசூகியிடம் போகவில்லை.

ராணியை எடுத்தது. யாரும் வைக்காத ஓர் இடத்தில் வைத்தது. டக். கடிகாரத்தையும் அதுவே அழுத்தியது. ஃபிக்ரிக்கு விரல்களில் உணர்ச்சியே இல்லை. அடுத்த ஏழு நகர்த்தலும் கைதான் ஆடியது. அவர் தசூகியைப் போலவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

தசூகி ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்தார். "அடேங்கப்பா! யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க இதை?"

"யாருகிட்டயும் இல்ல" என்றார் ஃபிக்ரி. அப்போதுகூட... அதுதான் வாயில் வந்தது.

இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் டமியட்டாவுக்கு ஓடினார். ஷவ்கியின் மனைவி நவாலிடம் நோட்டைக் கொடுத்து, ஒன்று விடாமல் சொல்லி அழுதார். அவள் நோட்டைத் திறக்கக்கூட இல்லை.

"இது எதுக்கு அவருக்கு? எல்லாம் மனப்பாடம். தூக்கத்துல கூடச் சொல்லுவாரு. சும்மா வான்னா நீங்க வரமாட்டீங்க, நோட்டுன்னு சொன்னாத்தான் வருவீங்கன்னாரு. உங்களைப் பார்க்கணும்னுதான் அண்ணே கூப்பிட்டாரு. கடைசி மூச்சு வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டிருந்தாரு."

மூன்று வருஷம் ஆகிறது. ஃபிக்ரி அப்புறம் பலகையைத் தொடவில்லை. வலது கைக்கு உணர்ச்சி திரும்பவில்லை. நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். இடது கையால்தான் ரொட்டியைப் பிய்க்கிறார். நாலு பேர் முன்னால் கூசிக் கூசிச் சாப்பிடுகிறார். நகம் வெட்டிவிடுவதும் மனைவிதான். ஹிலாலிடம் இதைச் சொன்னதும் அந்த அம்மாள்தான்.

மூன்று வருஷமாக இடது கைக்கு மட்டும்தான் வெட்டுகிறாளாம். வலது கையில்... நகம் வளர்வதே இல்லை.