வினாயகமூர்த்தியின் அறுவடை

நான் நிதானமாகத்தான் சொல்வேன், தம்பி. நீங்கள் அவசரப்பட்டு எழுதிக் கையை நோகவைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டங்களில் நான் பேசினால் கடைசி வரிசையில் இருக்கும் காது மந்தமான ஆளுக்கும் விளங்கும். அப்படி ஆற அமரப் பேசித்தான் எனக்குப் பழக்கம்.

நீங்கள் மலைநாட்டுப் பிள்ளை என்று வாசலில் நின்றவர் சொன்னார். அதனால் ஒன்றிரண்டு விஷயங்களை விளக்கிவிடுகிறேன். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்களெல்லாம் சேர்ந்ததை நாங்கள் வட்டை என்போம். கமக்காரர்கள் கூடி, வட்டைக்கு ஒரு விதானையைத் தெரிந்தெடுப்பார்கள். எப்போது விதைப்பது, எப்போது வேலி அடைப்பது, எந்த நாள் யாருக்குத் தண்ணீர் முறை என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். மந்திரியே வந்து நின்றாலும், விதானை சொல்லாமல் ஒருவரும் வக்கடையைத் திறக்கமாட்டார்கள். வக்கடை என்றால் தண்ணீர் பாய்வதற்காக வரம்பில் வெட்டிவிடும் வாய். எங்கள் வட்டைக்கு நான்தான் விதானை. தங்கராசா என்று கேட்டால் யோசிப்பார்கள், விதானையார் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சபையில் மூப்பர். போதகர் வெளியூர் போனால் பிரசங்கம் என்னுடையது. விதைப்பும் அறுப்பும்தான் எனக்குப் பிடித்த பொருள். வயல்காரருக்கு அதை விளங்கவைக்கக் கஷ்டப்படத் தேவையில்லை. சம்பா எறிந்த இடத்தில் வேறு நெல் முளைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். நாம் மற்றவனுக்குச் செய்வதும் அப்படித்தான், அதே இனத்தில் திரும்பி வரும், கணக்குப் பிந்தினாலும் தப்பாது என்பேன். சனங்கள் தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். நான் சொன்னதை நானே நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லாதவனாக இருந்திருந்தால் இப்போது உங்கள் முன்னால் இருக்கமாட்டேன்.

என் மகன் ஜெனோஷன் முந்தின வருஷம் மாரிப் போகத்தில் செத்தான். எங்களுக்கு ஒரே பிள்ளை. வேளாண்மை விளைந்து சாய்ந்து நின்ற காலம் அது. நெல் வெட்டுக்கு முன்னர் வயலில் நிற்கும் தண்ணீரை வடியவிட வேண்டும். விடிந்ததும் வக்கடையை வெட்டிவிட மண்வெட்டியோடு போனான். எங்கள் வயலுக்கும் வினாயகமூர்த்தியின் வயலுக்கும் நடுவில் ஒரே வரம்பு. அந்த வரம்பு நீளத்துக்கு அவன் யானைக்குக் கறண்ட் கம்பி இழுத்திருந்தான்.

சட்டத்துக்கு விரோதம்தான். ஆனால் நீங்கள் எங்கள் படுவான்கரையில் ஒரு மாரி இருந்து பார்க்க வேண்டும். நாலு மாசப் பாட்டை யானை ஒரே இரவில் உழக்கிவிட்டுப் போகும். அதைப் பார்த்தவனுக்குச் சட்டம் ஞாபகம் வராது. இரவில் கறண்டை விடுவது, விடியுமுன் நிறுத்துவது, அதுதான் ஒழுங்கு. அன்றைக்கு நிறுத்தப்படவில்லை. நான் வீட்டில் முழங்காலில் நின்று காலை ஜெபத்தில் இருந்தேன். ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது. வெளியே வினாயகம் கத்துவது கேட்ட பிறகுதான் எழும்பினேன்.

வினாயகம் எதையும் மறைக்கவில்லை. கம்பத்தில் கொக்கி போட்டுக் கறண்டைத் தானே கள்ளமாக எடுத்ததாகப் பொலிசில் சொன்னான், நீதிமன்றத்திலும் சொன்னான். சில மாதம் மறியலில் அடைபட்டிருந்தான். பிறகு தண்டத்தோடு விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் வாசலுக்கு வந்து விழுந்தான்.

"விதானையார், என்னக் கொண்டு போட்டாலும் ஒண்ணும் சொல்லமாட்டன். உங்கட முகத்தப் பாக்காம என்னால இரிக்க ஏலாது."

போதகரும் பக்கத்தில் நின்றார், தெருவில் சனம் நின்றது. நான் அவனைத் தூக்கி நிறுத்தினேன். "நான் உன்ன மன்னிச்சிட்டன் வினாயகம்" என்றேன். என் பெண்சாதி றூபி உள்ளே போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். போதகர் இதைக் கல்குடா வரைக்கும் போய்ப் பிரசங்கித்தார். தெரியாத ஊர்ச் சனமெல்லாம் என் கையைப் பிடித்து அழுதது. கொஞ்ச நாளில் அவன் குடும்பத்தோடு சபைக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது வாவித் தண்ணீருக்குள் ஒரு பக்கம் போதகர் பிடித்தார், மறு பக்கம் நான் பிடித்தேன். அந்தக் கம்பியைச் சுருட்டிக் கொண்டுவந்து ஆராதனை மேசைக்கு முன்னால் வைத்தான். இனி எந்த உயிருக்கும் அதை இழுக்கமாட்டேன் என்று பொருத்தனை பண்ணினான். மூப்பர் என்றபடியால் கம்பியை என் பொறுப்பில் கொடுத்தார்கள். நானும் கொண்டுபோய் நெல்லு அறையில் போட்டேன்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் சொன்ன மன்னிப்புப் பொய் என்று நினைக்கவேண்டாம். அன்றைக்கு அது மெய். நான் பொறுத்திருந்தது வேறொன்றுக்கு. மன்னிப்பு மனுஷன் கொடுப்பது, அறுப்பு தானாக வரவேண்டியது. அவன் விதைத்தது விளைந்து வரும் என்று வரம்பில் நின்று பார்த்தேன்.

வரவில்லை. அடுத்த மாரிக்கு, பள்ளத்தில் இருந்த எங்கள் வயலை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. அவன் வயலில் கதிர் முற்றிப் படுத்துக் கிடந்தது. அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் சாக்கில் நெல் கொண்டுவந்தார்கள், அவன் உழவு மெசினில் ஏற்றிக் கொண்டுவந்தான். மேசைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னான். "கர்த்தர் என்ட பாவத்தயெல்லாம் மறந்திட்டார். மடி நிறையத் தந்திரிக்கார்" என்றான். சனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் பிள்ளை மண்ணுக்குள் கிடக்கிறான், இவன் மடி நிறைந்து நிற்கிறான். கர்த்தர் மறந்தால் மறக்கட்டும். நான் மறக்கவேண்டும் என்று எங்கே இருக்கிறது?

அவனுக்கு ஒரு மகன், நிதுர்ஷன். ஜெனோஷனோடு ஒரே வகுப்பில் படித்தவன், நல்ல பிள்ளை. அதை நான் மறுக்கமாட்டேன். எங்கள் கூரைத் தகடு காற்றில் பறந்தபோது கேளாமலே வந்து அடித்துக் கொடுத்தான். றூபிக்கு மருந்து எடுக்க ஆற்றைக் கடந்து பட்டணத்துக்குப் போய் வருவான். சபையில் ஜெனோஷன் வாசித்த கீபோர்ட்டை யாரும் தொடாமல் இருந்தது. ஒருநாள் போதகர் சொல்லி இவன் இருந்து வாசித்தான். நன்றாகவே வாசித்தான். றூபி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

பிறகு அவன் வரும் நாட்களில் பிட்டு அவிக்கத் தொடங்கினாள். "மனே, இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று பரிந்து பரிந்து வைப்பாள். ஜெனோஷன் சாப்பிட்ட கோப்பையில்தான் வைப்பாள். நான் கேட்டதற்கு, "அவன்ட முகத்தப் பாக்கக்குள்ள நம்மட புள்ள வந்து இரிக்கிற போலக் கிடக்கு" என்றாள். அவனுக்குத் தனுஷியா என்று ஒரு பிள்ளையைப் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முன்வரிசையில் எனக்கும் றூபிக்கும் இடம் என்று வினாயகம் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு இரவு நான் படுத்துக் கிடந்து யோசித்தேன். கோபத்தில் யோசிக்கவில்லை. ஒரு கமக்காரன் பிந்திப்போன வெட்டைப் பற்றி யோசிப்பதுபோலத்தான் யோசித்தேன்.

வினாயகத்தை நான் ஏன் தொடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவன் செத்தால் அது அறுப்பில்லை. அறுக்கிறவன் உயிரோடு நிற்கவேண்டும், குனிந்து தன் கையால் அள்ளவேண்டும். அவன் வயலில் விழுந்தது ஒரு மகன். அப்படியென்றால் திரும்பி வரவேண்டியதும் மகன்தான். இதில் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நிதுர்ஷன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவனை நான் விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தக் கோடைச் சிறுபோகத்தில் தண்ணீர் குறைவு, முறை வைத்துத்தான் விட்டோம். வினாயகத்தின் முறை புதன்கிழமை வந்தது. நான் வரவழைக்கவில்லை, ஒழுங்குப்படி வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து நிதுர்ஷன் சனம் இருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றான். நான் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மனே, புதன்கிழமை உங்கட முறை. வெள்ளாப்போட, விடியக்குள்ளயே போய் வக்கடயத் திற. பிந்தினா மற்றவனுக்கு விட்டிருவன்."

"ஓம் மாமா. அப்பாக்குக் கால் வீக்கம், நான்தான் போறன். நீங்க ஒண்ணுக்கும் யோசியாதிங்க" என்றான்.

முதல்நாள் பொழுது சாயும்போது நெல்லு அறையில் கிடந்த கம்பியை எடுத்தேன். முழு வரம்புக்கும் தேவைப்படவில்லை, வக்கடைப் பக்கம் மட்டும் போதும். விதானை வரம்பில் குனிந்து நின்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இரண்டு பேர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். காலையில் றூபி கோழிக்குத் தீன் போடப் போனாள், நான் ஜெபத்துக்கு முழங்காலில் நின்றேன். நீண்ட ஜெபம். நிதுர்ஷனுக்காகவும் ஜெபித்தேன், அவன் ஆத்துமாவுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று. சத்தம் கேட்டது. ஆமென் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

வினாயகம் வீங்கின காலோடு ஓடிவந்துகொண்டிருந்தான். மகனைத் தொடப்போனவனை நான் கட்டிப் பிடித்து நிறுத்தினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் உயிரை நான்தான் காப்பாற்றினேன். றூபியிடம் வீட்டுக் கறண்டை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், அவள் நிறுத்திவிட்டாள் என்று தெரிந்த பிறகே கையை விட்டேன். அவன் குனிந்து பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். நான் இவ்வளவு காலமும் பார்க்கக் காத்திருந்தது அதைத்தான். நன்றாகப் பார்த்தேன்.

அவன் என்னைத் திட்டுவான், மண்ணை அள்ளி வீசுவான் என்று நினைத்தேன். செய்யவில்லை. சனம் கூடுவதற்குள் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து, காதோடு கேட்டான்.

"இந்த முறையும் மறந்திட்டீங்களா, விதானையார்?"

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். என் நெல்லு அறையில் கிடந்த கம்பியைக் கேளாமல் எடுத்து யானைக்குத் தானே மறுபடி இழுத்ததாகச் சொல்லி, பொலிஸ் ஜீப்பில் தானாக ஏறி இருந்துவிட்டான். பக்கத்து அறையில் இருப்பது அவன்தானே, இருமல் கேட்கிறது. ஊரெல்லாம் அவனுக்காக அழுகிறது. போதகர் உபவாசம் கூறியிருக்கிறார். சீதேவி, அவன் பெண்சாதி, என் வீட்டுக்கு வந்து றூபியைக் கட்டிக்கொண்டு, "நமக்கு இரண்டு பேருக்கும் ஒரே விதி" என்று அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. விதி இல்லை. தற்செயலும் இல்லை. அவன் அறுத்தான் என்பது அவனுக்குத் தெரியவேண்டும். தெரியாமல் அறுத்தால் அதில் என்ன இருக்கிறது? அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமலே வந்தேன்.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். "இந்த முறையும்" என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வினாயகத்தின் வயல்வாடிக் குடிசைக்கு மின்சாரம் இல்லை. அந்தக் கரையில் மின்சாரம் உள்ள ஒரே வீடு என்னுடையது. முதல் தரமும் கறண்ட் என் வீட்டிலிருந்துதான் போனது. வந்த யானை என் வயலையும்தானே தின்னும். இரவில் சுவிச்சைப் போடுவதும் விடியுமுன் நிறுத்துவதும் என் வேலை. ஜெனோஷன் போன அன்றைக்கு ஜெபம் நீண்டுவிட்டது என்று சொன்னேன் அல்லவா? சனம் வருமுன் வினாயகம்தான் வயரை என் வீட்டிலிருந்து பிடுங்கிக் கம்பத்தில் மாட்டினான். "உங்களுக்குப் புள்ளயும் போய் மறியலும் வேணாம். நான் பாத்துக்கிறன்" என்றான். நான் கேட்கவில்லை, அவனாகச் செய்தான். கம்பி அவனுடையது, வரம்பில் கட்டியது அவன் கை. இதில் விதைத்தவன் யார் என்று குழம்ப ஒன்றுமில்லை.

றூபிக்கு முதல் தரத்துச் சுவிச் கதை தெரியாது. அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டாம், அவள் அதைப் பிழையாக விளங்கிக்கொள்வாள். ஆனால் வினாயகத்துக்கு வாசியுங்கள், ஒரு சொல் விடாமல். அவன் அங்கே இருந்துகொண்டு எனக்காகப் பரிதாபப்படுகிறான். எனக்குப் பொறுக்க ஏலாதது அது ஒன்றுதான். எங்கே கையெழுத்து வைக்கவேண்டும்? வைக்கிறேன். அதற்கு முன் கடைசி வரியை அவனுக்கு விளங்குகிற மாதிரித் தெளிவாக எழுதுங்கள், தம்பி: இந்த முறை நான் மறக்கவில்லை.