ஈயம் உருக்குவோர் கவனத்துக்கு

வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதற்கு வறட்டுக் காற்று அடிக்கிற மாதங்கள்தான் ஏற்றவை. மழைக்காலத்தில் அடுப்பு மூட்டுகிறவனைக் கண்டால் இன்றைக்கும் நான் தூர விலகித்தான் போவேன். இதையே முதல் விதியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கரைக் குழுவின் செயலாளர் நீங்கள். நோட்டும் பேனாவுமாக என் வாசலுக்கு வந்திருக்கிறீர்கள். கூகுவாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது, வீட்டில் ஈயம் உருக்குவதற்கான விதிகளைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். போன மாதமாக இருந்தால் அவள் புருஷன் எபோவிடம்தான் போயிருப்பீர்கள். பரவாயில்லை, எனக்கு அதில் மனத்தாங்கல் கிடையாது.

ஈயத்துக்குப் பகை தண்ணீர். உருகின ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு அகப்பட்டால் போதும், அது ஆவியாகி வெளியேற வழி தேடும். தலைமேல் கிடக்கும் ஈயத்தையும் தூக்கிக்கொண்டுதான் கிளம்பும். ஆகவே பழைய ஈயத்தை இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். கடலில் கிடந்த குண்டுகளின் மடிப்புக்குள் உப்புத் தண்ணீர் ஒளிந்திருக்கும், சுத்தியலால் பிரித்துப் பாருங்கள். உருகிக்கொண்டிருக்கும் சட்டியில் புதுத் துண்டைப் போடாதீர்கள். போட வேண்டியதையெல்லாம் சட்டி குளிர்ந்திருக்கும்போதே போட்டுவிட்டு அப்புறம் தீ மூட்டுங்கள். கரண்டியைச் சூடு காட்டாமல் முக்காதீர்கள். குண்டு வார்க்கிற அச்சைச் சூடு காட்டாமல் ஊற்றாதீர்கள். நடுவில் அச்சு ஆறிவிட்டால் திரும்பவும் தீயோரம் வையுங்கள், சோம்பல் படாதீர்கள். காலுக்கு ஷூ, உடம்புக்கு முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. இந்தக் கடைசி விதியை ஒற்றைக் கண்ணன் சொல்லிக் கேட்டால் உங்களுக்கு மறக்காது.

நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். ஊரெல்லாம் அவள் ஏன் பார்க்காமல் ஊற்றினாள் என்று கேட்டது. உதடு வெடிக்கிற இந்த வறட்சியில் அச்சுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். நல்ல கேள்வி. சரியான கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்வதுதான் மரியாதை.

அதற்குப் பதினொரு வருஷம் பின்னால் போக வேண்டும். அப்போது எபோவும் நானும் கூட்டாளிகள். அவன் வீட்டு முற்றத்தில், கடலுக்குப் போகாத செவ்வாய்க்கிழமைகளில், இருவருமாக வார்ப்போம். அவன் அவசரக்காரன். ஒரு நாள் அச்சு சீக்கிரம் ஆறட்டும் என்று அதை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் என் முன்னால் வைத்துவிட்டான். நான் கரண்டியோடு திரும்பி ஊற்றினேன். இடது கண் போயிற்று. கழுத்தில் இருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

கேப் கோஸ்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தேன். நான் திரும்பி வருவதற்குள் எபோ ஊருக்கு வேறு கதை சொல்லி முடித்திருந்தான். "நான் சொல்லச் சொல்லக் கேக்கல. ஈரக் கையோட வந்து அச்சத் தொட்டான்." அன்றிலிருந்து எனக்கு ஈரக்கை க்வாமெனா என்று பெயர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் என் கையைக் குலுக்கிவிட்டுத் தன் கையை அங்கியில் துடைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். வலை பின்னும் ஆட்கள் என்னைக் கண்டால், "என்ன அண்ணே, கை காஞ்சுதா?" என்பார்கள். என் தாயாரின் சவ அடக்கத்திலும் ஒருவன் அதைக் கேட்டான். அன்றைக்கு மட்டும் தனியாகப் போய் அழுதேன்.

ஊரில் சிரிக்காதவள் கூகுவா ஒருத்திதான். என் கழுத்துப் புண்ணுக்குத் தேன் தடவி விட்டவளும் அவள்தான். நியாயமாக இதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு இந்த வருஷம் உங்கள் குழு ஒரு முடிவெடுத்தது. ஈயம் உருக்குவதைக் கரையில் எல்லோருக்கும் செய்து காட்ட வேண்டும், அதை எபோ செய்ய வேண்டும் என்று. மூன்று கடற்கரைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்றார்கள். எபோ எதைச் சொல்லித் தொடங்குவான் என்பது எனக்குத் தெரியும். நம் ஊரோடு நின்ற பெயர் இன்னும் இரண்டு ஊருக்குப் போகும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை அவன் முற்றத்துக்குப் போனேன். சட்டியில் ஈயம் உருகிவிட்ட நேரம், அச்சைத் தீயோரத்திலிருந்து எடுத்து மணலில் வைத்துவிட்ட நேரம். யோசித்துத்தான் அந்த நேரத்தில் போனேன். விருந்தாளி வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுப்பதுதானே முறை, வந்த காரியத்தைக் கேட்பதெல்லாம் அப்புறம்தானே. கூகுவா முக்காலி கொண்டுவந்து வாசல் பக்கம் போட்டாள். நிழல் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லி அதை நானே அச்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். ஒரு வாய் மிச்சம் வைத்தேன்.

நம்மில் யார்தான் கடைசி வாயைக் குடிக்கிறோம்? அது முன்னோர்களுக்கு. தரையில் சாய்த்துவிடுவது கைப்பழக்கம். எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்று பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் குடுக்கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, நலம் விசாரித்தேன். அவன் அக்கா, அக்கா பிள்ளைகள், படகு, படகின் அடிப்பலகை, ஒன்றையும் விடவில்லை. சூடான அச்சில் தண்ணீர் நிற்காது, அது ஆற வேண்டுமே. அப்புறம் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"எபோ, அடுத்த வாரம் என் பேர எடுக்காத."

"எந்தப் பேர? க்வாமெனாவையா, ஈரக்கையையா?"

"ரெண்டையும். அன்னிக்கு அச்ச வாளியில முக்கினது யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவன் கூகுவாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சிரித்தான். "பதினோரு வருசம் ஆச்சுடா. இப்பப் போயி மாத்திச் சொன்னா என்னை எவன் மதிப்பான்? உனக்குத்தான் பழகிப்போச்சே, இருந்துட்டுப் போ."

அவன் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தண்ணீரை மணலில் சாய்த்திருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். முன்னோர்களை வணங்கி, வலப்பக்கம் கையை நீட்டிக் குடுக்கையைச் சாய்த்தேன். அச்சில் ஆறு குழிகள், எல்லாம் கரி பிடித்துக் கறுத்தவை. தண்ணீர் ஐந்தாவது குழியில் விழுந்தது. கறுப்புக்குள் போன தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது.

எபோ கரண்டியை எடுத்தான். அவன் முகம் அச்சுக்கு நேரே குனிவதற்காகக் காத்திருந்தேன். அப்போது கரையிலிருந்து ஒருவன் கத்தினான், எபோவின் படகு கயிற்றை அறுத்துக்கொண்டு அலையில் போகிறது என்று. எபோ கரண்டியைக் கூகுவாவின் கையில் கொடுத்தான். "நீ ஊத்திடு, சட்டி ஆறிடும்." ஓடிவிட்டான்.

அந்த இடத்தில் நான் எழுந்திருக்கலாம். குடுக்கையைக் கீழே போட்டு அவள் கவனத்தைத் திருப்பியிருக்கலாம். இதையெல்லாம் நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன், தூக்கம் வராமல் யோசித்திருக்கிறேன். ஆனால் எழுந்தால் ஏன் எழுந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன பெயர் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அவள் பார்க்காமல் ஊற்றினாள் என்று ஊர் சொல்வது முழு உண்மையில்லை. இடுப்பில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக்கொண்டு, கரண்டியில் ஈயத்தை முகந்துகொண்டு, அச்சுக்குப் பக்கத்தில் நான் இருந்ததால் என்னைத்தான் கேட்டாள்.

"அண்ணே, அச்சு காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கும்மா," என்றேன்.

முதல் குழியை நிரப்பினாள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒரு சொட்டும் சிந்தாமல் அழகாக ஊற்றினாள். நான் முக்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். காலடிச் சத்தத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். தலைமாட்டில் உட்காரச் சொல்லி, எபோ வெளியே போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள். "நான் உங்களக் கேட்டத யார்கிட்டயும் சொல்லலண்ணே. உங்களுக்கு ஒத்தக் கண்ணு, பாவம், உள்ள கெடந்தது தெரிஞ்சிருக்காது. சொன்னா ஊரு மறுபடி உங்களத்தான் பிடிச்சுக்கும். நானே பாக்காம ஊத்திட்டேன்னு சொல்லிட்டேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். என் கை வேர்த்திருந்தது. அவள் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எபோ இப்போது கரைக்கே வருவதில்லை. வலை பின்னுகிறவர்கள் என்னிடம் கை காய்ந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். இப்போது அவர்கள் பேசுவது கூகுவாவைப் பற்றி. பொம்பளை கையில் கரண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்கிறார்கள். நான் அந்தப் பேச்சில் சேருவதில்லை. மறுப்பதும் இல்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். போலீஸுக்குப் போவதென்றால் போங்கள், பதினொரு வருஷத்துக்கு முன்னால் எனக்காக யாரும் போகவில்லை என்பதையும் அங்கே சொல்லுங்கள். போகவில்லையென்றால் விதிகளை நோட்டீஸாக அடியுங்கள், வரும் செவ்வாய்க்கிழமை நானே வந்து செய்து காட்டுகிறேன். என்னைவிடப் பத்திரமாக ஈயம் உருக்குகிறவன் இந்தக் கரையில் இல்லை. வெறும் விதி மனதில் நிற்காது, ஓர் ஆளைச் சுட்டிச் சொன்னால்தான் நிற்கும் என்று உங்கள் குழுவில் பேசிக்கொண்டார்களாம். அதுவும் சரிதான். கூகுவாவின் பெயரைப் போடுங்கள். அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.