உடையப்பன் டிரஸர் வைத்த பெயர்கள்

ஊசியைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். ஒரு ரப்பர் தோட்டத்தில் ஊசி மருந்து கொடுக்கிற டிரஸர் இப்படிச் சொல்லலாமா என்று நினைக்கிறீர்கள், தம்பி. நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டுக்கொண்ட நோயாளி எழுந்து நடந்து போக, போட்டவன் பெஞ்சில் மல்லாந்து கிடந்த கிளினிக் சுங்கை சிப்புட் வட்டாரத்திலேயே என்னுடையது ஒன்றுதான். இதையெல்லாம் பெரட்டில் நானே சொல்லிச் சிரிக்க வைப்பேன். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவாரே, அங்கே. அந்த இருட்டிலும் குளிரிலும் மனிதர்களுக்கு ஒரு சிரிப்பு வேண்டியிருக்கிறது. உடையப்பன் டிரஸர் வந்தால் அது கிடைக்கும். என் வழுக்கை, என் தொந்தி, என் மனைவி என்னைத் திட்டுகிற அழகு, இவைதான் சரக்கு. முதலில் என்னையே நாலு சாத்து சாத்திக்கொள்வேன். அதற்கப்புறம் நான் யாரைச் சாத்தினாலும் ஜனங்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் ராக்காயியைப் பற்றிக் கேட்கத்தான் தொழிற்சங்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

எழுபத்தாறில் புது மேனேஜர் வந்தார். கோபக்காரர் இல்லை. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நம் ஆட்கள் சினிமாவுக்குப் போவதுபோல ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள் என்று வருத்தப்பட்டார். ஒரு ஆளை அனுப்பினால் லாரிச் செலவும் வார்டுச் செலவும் தோட்டத்தின் தலையில்தான். அனுப்ப மறுத்தாலோ லேபர் ஆபீஸ் கேள்வி கேட்கும். "மறுக்க வேண்டாம், டிரஸர். குறைத்தால் போதும்" என்றார். மறுக்காமல் எப்படிக் குறைப்பது என்று மட்டும் சொல்லவில்லை. படித்தவர்.

எனக்கோ 'இல்லை' என்று சொல்ல வாய் வராது. எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டபோது அழுதது நான்தான், பூனை இல்லை. ஆகவே நான் யாரையும் மறுக்கவில்லை. பெயர் வைத்தேன். அவ்வளவுதான்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த ராமையாவுக்கு 'டான்ஸ் மாஸ்டர்.' மேட்டுக்காட்டில் பால்மரம் வெட்டிவிட்டு, மூச்சில் விசில் அடிக்க வந்த காளியம்மாவுக்கு 'ஆர்மோனியம்.' பெரட்டில் ஒரு தடவைதான் சொல்வேன். மிச்சத்தை லயத்து வீடுகளின் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும். ராமையா கக்கூசுக்குப் போனால்கூடத் தாளம் போட்டுக்கொண்டு நாலு வாண்டுகள் பின்னால் போகும். காளியம்மாவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "ஆர்மோனியம் வீடு எதுங்க?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அன்றோடு அவள் கிளினிக் வாசலை மிதிக்கவில்லை. ராமையாவும் மிதிக்கவில்லை. கொஞ்ச மாதத்தில் என் பெஞ்ச் காலியாகிவிட்டது. மேனேஜர் சந்தோஷப்பட்டு ஒரு சீலிங் ஃபேன் மாட்டிக்கொடுத்தார். கீழே உட்கார ஆளில்லாததால் நானே உட்கார்ந்து காற்று வாங்கினேன். ஆயர் தாவார் பக்கத்து டிரஸர் ஒருத்தர் ஃபேனைப் பார்க்கவே வந்தார்.

"எப்படிண்ணே முடிஞ்சுச்சு?" என்றார்.

"எங்க ஆளுங்களுக்குத் தங்கமான ஒடம்புலா" என்றேன்.

வேலைக்கு மட்டம் போடுகிற கள்ள நோயாளிகளைத்தானே விரட்டியிருப்பார் என்று தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. சீனி என்று ஒரு ஆள் இருந்தான், அவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சம்சு சாராயம், திங்கட்கிழமை தலைவலி. சீனிக்கு நான் பெயரே வைத்ததில்லை. எதற்கு வைக்க வேண்டும்? சிவப்புத் தண்ணி மருந்தை ஒரு மடக்கு குடிப்பான், பெஞ்சில் சற்று நேரம் புரள்வான், எழுந்து வேலைக்குப் போய்விடுவான். அவனால் தோட்டத்துக்கு என்ன செலவு? செலவு வைப்பவர்கள் நிஜமாகவே நோய் கண்டவர்கள்தான். ராமையாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பெயர்களை நான் அவர்களுக்காகத்தான் வைத்திருந்தேன். கையால் தொட்டுப் பார்ப்பேன். நோய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல பெயராக யோசிப்பேன். அதில் மட்டும் நான் சோம்பல் பட்டதே கிடையாது.

ராக்காயி வயிற்றுவலி என்று வந்தாள். அவள் புருஷன் சன்னாசி வாசலில் நின்றான். பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில லாரி போவுது, ஈப்போவுக்குப் போயிட்டு வந்துரு" என்றேன். பாருங்கள், மறுக்கவில்லை.

"பின்னாடி உக்காந்தா ரொம்பக் குலுங்குதுங்க ஐயா. முன்னாடி உக்காந்துக்கிடலாமா?" என்று கேட்டாள்.

"டிரைவர் ராஜு பக்கத்துலயா? சன்னாசி ஒத்துக்குவானாலா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்திருந்தாள். நான் என் தொந்தியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், "வழி விடுங்கலா. மகாராணி ஈப்போவுக்குக் கெளம்பிட்டாங்க. முன் சீட்டுதான் வேணுமாம்" என்றேன்.

"மகாராணிக்குக் கொடை யாரு பிடிக்கிறதுங்க ஐயா?" என்று வரிசையில் நின்ற நல்லம்மாள் எடுத்துக் கொடுத்தாள். வரிசையே குலுங்கியது. ராக்காயியும் சிரித்தாள். "அடப் போங்க, நான் வெட்டுக்கே போறேன்" என்று வீட்டுக்குத் திரும்பிச் சேலையை மாற்றிக்கொண்டு, பால் வாளியோடு காட்டுக்குப் போனாள். லாரி அவள் இல்லாமல் போயிற்று. நான் தடுக்கவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மரத்தடியில் விழுந்துவிட்டாள். அன்றைக்கு அவளை முன் சீட்டில்தான் ஏற்றினோம். பெரியாஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அதிக நாள் இல்லை. சேலைக்குள் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இத்தனை நாளும் மரம் வெட்டியிருக்கிறாள். சன்னாசி கிளினிக்குக்குப் போகச் சொன்னபோதெல்லாம், "போனா மறுபடியும் மகாராணிம்பாங்க. எனக்கு வெக்கமா இருக்கு" என்று மறுத்திருக்கிறாள்.

அவள் முதல் முறை வந்த அன்றே, இடப்பக்கம் விரல் வைத்தபோது, உள்ளே கொய்யாக்காய் போல ஒன்று கெட்டியாகத் தட்டுப்பட்டது. அழுத்தினேன், நகரவில்லை. அது என்னவென்று சொல்லுகிற படிப்பு எனக்கில்லை. சும்மா விட்டால் ஆளைக் கொல்லும் என்று சொல்லுகிற படிப்பு இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய், சோறு தின்றுகொண்டே 'மகாராணி'யை யோசித்தேன்.

தெரிந்து செய்தீர்களா என்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். மேனேஜருக்குப் பயந்தா? இல்லை, அவர் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஃபேனுக்காகவும் இல்லை, அது சுற்றும்போது கீச்சிடும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இந்த ஜனங்கள் என்னை வெறுத்திருப்பார்கள். சண்டை போட்டு, உங்கள் சங்கத்தைக் கூட்டி, ஈப்போவுக்கும் போயிருப்பார்கள், பிழைத்தும் இருப்பார்கள். பெயர் வைத்தால் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் சிரிப்பது வேண்டியிருந்தது.

கருமாதி முடிந்து சன்னாசி கிளினிக்குக்கு வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமினான். துண்டை மடித்தபோது ரத்தக்கறை தெரிந்தது.

"உள்ள வா, சன்னாசி. பாக்கலாம்லா" என்றேன்.

அவன் அசையவில்லை. "டிரஸர் ஐயா, எனக்கு என்ன பேரு வைப்பீங்க?" என்று கேட்டான்.

குத்தலாகக் கேட்கவில்லை, தம்பி. அதைத் தெரிந்துகொண்டால், உள்ளே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம் என்பதுபோலக் கேட்டான்.

உண்மையைச் சொல்கிறேன். அவன் இருமினவுடனே ஒரு பெயர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நல்ல பெயர். தோட்டமே உருண்டு சிரித்திருக்கும். நான் சொல்லவில்லை. அவன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, எழுந்து, இருமிக்கொண்டே லயத்துப் பக்கம் போய் மறையும்வரை வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், பாவம். எனக்கும் இரக்கம் உண்டு என்பதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.