பொறுப்பக்காவின் பெயரில் திறந்த ஒன்பது கணினிகள்

அச்சகத்தின் அச்சாணியே! அட்டைப்பெட்டியும் மருந்துச்சீட்டும் அணியணியாய்ப் புறப்பட்டு ஊரெங்கும் போய்ச்சேர அயராது அமர்ந்திருந்த அன்பின் ஆலயமே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல், முறுக்கிக்கொண்டவர்களையும் முந்திக்கொண்டவர்களையும் முறையோடு நடத்திச்சென்ற முதல்வியே! பொறுமைக்குப் பொன்முடியே, பொறுப்புக்குப் பொருளே, எங்கள் பொறுப்பக்காவே! பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் பணிந்து, மகிழ்ந்து, நெகிழ்ந்து, இந்த மடலை உங்கள் மலரடியில் வைக்கிறோம்.

அக்கா, மேலே உள்ள பத்தியை முதலாளி படித்துப் பார்த்துவிட்டார். 'ஆலயமே' அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதுபோல இன்னும் நாலைந்து போட்டு நிரப்பிவிடச் சொன்னார். கீழே வருவதை அவர் பார்க்கவில்லை. இப்போதுதான், முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து கேட்கிறார்.

இனிமேல் சொல்லவேண்டியதை 'நீங்கள்' என்று எதிரே பார்த்துச் சொல்ல எங்களுக்கு முகமில்லை. ஆகவே வேறு யாருக்கோ நடந்ததுபோல, 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுத்துக்கொண்டே பழகியவர் நீங்கள் என்பது எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதுதான் இந்த மடலின் சாரம்.

ஓர் அச்சகம். பெரிதொன்றும் இல்லை; பின்கட்டில் இரண்டு இயந்திரம், முன்னறையில் ஒன்பது கணினி, பதினொரு ஊழியர், அவர்களுக்கு மேலே பொறுப்பாளர் என்று ஓர் அம்மாள். மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் பிழைப்பு. பத்தொன்பது ஆண்டுக்கு முன் முதல் கணினி வந்திறங்கிய அன்று, அதைப் பொருத்திக்கொடுக்க வந்தவர் யார் பெயரில் திறக்கவேண்டும் என்று கேட்டார். முதலாளி தலையைச் சொறிந்தார். அட்டைப்பெட்டியை ஓரமாய் எடுத்துவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள்தான் பக்கத்தில் நின்றார். அவர் பெயரையே போட்டார்கள்.

கணினி ஒன்று ஒன்பதாயிற்று. பெயர் மட்டும் அந்த ஒன்றேதான். யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் பெயரில் திறப்பார்கள், அவர் பெயரில் மூடுவார்கள். பாஸ்வேர்டு இரும்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் தடித்த மையில் எழுதியிருக்கும். தேநீர் கொண்டுவருகிறவர் வரை அது எல்லாருக்கும் மனப்பாடம். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்துவிடலாம் என்று அந்த அம்மாள் கேட்காத ஆண்டு கிடையாது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா, குடும்பத்துக்குள்ள எதுக்குப் பூட்டு?" என்பார் முதலாளி. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு நெஞ்சு குளிர்ந்துபோகும். சோம்பேறிகளுக்கு நெஞ்சு குளிர இவ்வளவு போதும்.

அந்தக் குடும்பத்தில் மென்பொருள் வந்த விதம் தனிக் கதை. ஒன்பது கணினியில் இரண்டுக்குத்தான் உரிமம் வாங்கியது. மற்ற ஏழிலும் ஓடியது திருட்டுப் பிரதி. வருடக் கடைசியில் அம்மாள் ஒரு தாளில் அதை எழுதி முதலாளி மேசையில் வைப்பார்: எந்தக் கணினி, எந்த மென்பொருள், உரிமம் உண்டா இல்லையா. நம்மைப்போன்ற சின்ன ஆட்களை எவன் தேடி வரப்போகிறான் என்று அவர் சிரிப்பார். கதவு திறந்து கிடக்கிற சின்ன வீட்டைத் தேடித்தான் சார் வருவார்கள் என்று இவர் சொல்வார். தாள் இழுப்பறைக்குள் போய்விடும்.

வாங்க மனமில்லை என்றால் இலவசமாகவே முறைப்படி தருகிற மென்பொருள் இருக்கிறது, அதற்காவது மாறிக்கொள்ளலாம் என்றார். சொன்னதோடு விட்டாரா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியே உட்கார்ந்து, ஐம்பத்தைந்து வயதில் அதைக் கற்றுக்கொண்டு, இருமல் மருந்து லேபிள் ஒன்றைச் சுத்தமாகச் செய்து காட்டினார். நாங்கள் அவருக்கு 'இலவச அக்கா' என்று பெயர் வைத்தோம். 

அவர் கணவர் தையற்காரர். ஒரு கண் முன்பே போய்விட்டது. இன்னொன்றையாவது காப்பாற்ற அறுவை சிகிச்சை செய்தாகவேண்டும் என்று மருத்துவர் சொல்ல, அம்மாள் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்தார். கிளம்பும்போது ஒரே ஒரு வேலைதான் சொல்லிவிட்டுப் போனார். எல்லாக் கோப்புகளுக்கும் நகல் வைத்திருக்கும் ஹார்டு டிஸ்கை, தினமும் ஐந்து மணிக்குக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டவேண்டும். சொன்னது மெஷின்காரரிடம். அவர் தலையாட்டினார், நாங்கள் எல்லாரும் சேர்ந்து தலையாட்டினோம்.

ஐந்தாம் நாள் காலை பதினொன்று இருபதுக்கு, வேகத்துக்காக நாங்கள் ராக்கெட் என்று கூப்பிடும் டிசைனர், வளைந்த எழுத்துப் போட வசதி என்று புதிய பதிப்பு ஒன்றைத் திருட்டுப் பிரதியாய் இறக்கினார். ஆன்டிவைரஸை நிறுத்தினால்தான் உள்ளே வருவேன் என்றது அது. நிறுத்தினார். திறந்துகொண்டதும் சுற்றி நின்ற நாங்கள் கைதட்டினோம். அதே பிரதியை மற்ற ஆறு கணினிகளிலும் ஆளாளுக்குப் போட்டுக்கொண்டோம். அந்த அம்மாள் அப்போது மருத்துவமனைத் தாழ்வாரத்தில், கணவரின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணினியின் பதிவில் மட்டும் அவர்தான் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலை ஒன்பது திரையும் ஒன்றுபோல் கறுத்து, ஒரே அறிவிப்பைக் காட்டின. கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டிருந்தன. திறக்கப் பணம் கேட்டது. மருந்துக் கம்பெனியின் இருநூறு லேபிள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நகல் இருக்கிறதே என்று ஓடினோம். நகல் டிஸ்க் எட்டு நாளாகக் கழற்றப்படாமல் கணினியிலேயே செருகியிருந்தது. அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. 

சரக்கு போகவில்லை என்றதும் மருந்துக் கம்பெனி தன் சோதனை ஆளை அனுப்பியது. ஒல்லியான மனிதர், இரண்டு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்து தோண்டினார். தொற்று வந்த வழி அந்தத் திருட்டுப் பிரதிதான் என்றார். யார் எதை எப்போது ஏற்றினார் என்று நாற்பத்தாறு வரி அச்செடுத்துக் கொடுத்தார். நாற்பத்தாறிலும் ஒரே பெயர். பொறுப்பு யாருடையது என்று பதினைந்து நாளில் எழுத்தில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இனி வேலை தரமாட்டோம் என்று கம்பெனி கடிதம் போட்டது.

விடுப்பு முடிந்து அந்த அம்மாள் வந்து நுழைந்த இடம் இதுதான். அவருக்கு இதில் பறிபோகக்கூடியது என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பணி முடிந்ததும் ஒரு சின்ன மருத்துவமனையில், நோயாளிகளின் பதிவேடு காக்கும் அறையில், வாரம் மூன்று நாள் வேலை பேசி வைத்திருந்தார். தையல் நின்றுபோன வீட்டில் இனி அவர் கைதான் கை. அடுத்தவர் ரகசியத்தைக் காக்கிற வேலைக்குப் போகிறவருக்கு அவர் பெயர்தானே தகுதி?

விசாரணை முதலாளியின் கண்ணாடி அறையில் நடந்தது. அதன் தடுப்பு கூரை வரை எட்டாது. உள்ளே பேசுவது வெளியே கேட்கும். அந்த அம்மாள் வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராய் உள்ளே போனோம். நீ போட்டாயா, யார் போட்டது என்று தெரியுமா என்று கேட்கப்பட்டது. தெரியாது என்றோம். பதினொரு தடவை. ஒவ்வொரு குரலும் யாருடையது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து முடித்தவர். முதல் இரண்டு மூன்று பேர் வெளியே வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விடுப்பில் இருந்த நாட்கள் வருகைப் பதிவேட்டில் கொட்டை எழுத்தில் இருந்தன. பதிவேடு பார்க்கும் காவலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போய், கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார். ஓர் ஒற்று விடுபட்டால் தாளைத் திருப்பி அடிக்கும் எங்கள் பிழை திருத்துநர், இதோ இதை எழுதிக்கொண்டிருக்கிற அதே ஆள், அன்று நாற்பத்தாறு பிழையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

கடைசியாக அவரைக் கூப்பிட்டார்கள். முதலாளிக்குத் தெரியாமல் தானே அந்தப் பிரதியைப் போட்டுக்கொண்டதாக ஒரு தாள் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நீங்க எப்படியும் போறவங்கம்மா. இருக்கப்போறவங்களுக்குத்தான் பேரு வேணும்" என்றார் முதலாளி.

"போறவ எடுத்துட்டுப் போறதுக்கு வேற என்ன சார் இருக்கு?" என்றார் அவர். பேனாவை எடுக்கவில்லை.

அவர் போடாவிட்டால் என்ன, கணினிதான் நாற்பத்தாறு தடவை போட்டுவிட்டதே என்று முதலாளி அந்த அச்சுத் தாளை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிக் கை கழுவிக்கொண்டார். கம்பெனிக்குத் திருப்தி. வேலை திரும்ப வந்தது. எங்கள் பதினொரு பேர் அடுப்பும் அணையாமல் எரிந்தது. அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் விசாரித்தார்கள். முதலாளி அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மாதிரி, நேரத்துக்கு வருவார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான். அந்த நாற்காலியில் பத்து நாளாக வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ராக்கெட்டை மட்டும் அந்த அம்மாள் ஒருநாள் கூப்பிட்டார். திட்டுவார் என்று அவன் எதிர்பார்த்தான்; திட்டியிருந்தால் தூங்கியிருப்பான்.

"மாட்டிக்கலைன்னு சந்தோஷப்பட்டுக்காதப்பா. ஏழு வருஷமா நீ போட்ட நல்ல டிசைன்ல ஒண்ணுலகூட உன் பேரு இல்ல. எல்லாம் என் பேர்லதான் கிடக்கு" என்றார்.

போதும் அக்கா. இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம்.

அறிவாற்றல் மிக்கவரே என்று உங்களை அழைக்க எங்களுக்கு என்ன அருகதை? நீங்கள் அறிந்து சொன்னதை ஒவ்வோராண்டும் இழுப்பறையில் போட்டவர்கள் நாங்கள். எங்களை அரவணைத்த அன்னையே என்று எழுத ஆசைதான். அரவணைத்த கையில் பழியைத் திணித்தபின் எந்தக் கையால் எழுதுவது? நீடூழி வாழ்க, நோயற்று வாழ்க என்று முடிப்பது வழக்கம். உங்கள் ஆயுளில் முப்பத்தோராண்டையும் அதற்கு மேல் இருக்கிற நாட்களின் நிம்மதியையும் எடுத்துக்கொண்டவர்கள் நீண்ட ஆயுளை வாரி வழங்குவது நன்றாக இல்லை. உங்கள் கணவரின் அந்த ஒரு கண் துலங்கட்டும். உங்கள் பெயரை இனி எவரும் இரவல் எடுக்காதிருக்கட்டும். இவ்வளவுதான் எங்களால் கூசாமல் வேண்டிக்கொள்ள முடிந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, அதையும் உங்கள் வேலையாக்க வேண்டாம்.

அன்று நடந்தவற்றை நடந்தபடி எழுதி, வருகைப் பதிவேட்டின் நகலோடு, மருந்துக் கம்பெனிக்கும் அந்த மருத்துவமனைக்கும் இன்று காலை அனுப்பிவிட்டோம். காலம் கடந்துவிட்டது என்று தெரியும். கம்பெனி எங்கள் வேலையைப் பறிக்கலாம். முதலாளி நாளைக்கே எங்களை வெளியே நிறுத்தலாம். இப்போதே அவர் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்கலாம்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இவ்வளவு நடந்தபிறகும் அச்சகத்தில் எதுவும் மாறவில்லை. இந்த மடலைத் தட்டச்சு செய்யவும் உங்கள் பெயரைப் போட்டுத்தான் கணினியைத் திறந்தோம். இதை எழுதியது யார் என்று அதைக் கேட்டால் நீங்கள்தான் என்று சாதிக்கும். ஆகவே எங்கள் பெயரை அச்சடிக்காமல், பேனாவால், ஆளாளுக்குச் செய்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

இங்ஙனம், உங்கள் அச்சக ஊழியர்:

அன்று பதினொன்று இருபதுக்கு ஆன்டிவைரஸை நிறுத்திப் பிரதியை ஏற்றியவன், டிசைனர்.

எட்டு நாளும் டிஸ்கைக் கழற்றாதவன், மெஷின்காரர்.

பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாது என்றவன், காவலாளி.

எல்லாம் தெரிந்து எழுத்தில் எதையும் வைக்காதவன், பிழை திருத்துநர்.

மூன்றாம், ஐந்தாம், ஆறாம் கணினிகளில் உங்கள் பெயரால் அதே பிரதியைப் போட்டுக்கொண்ட மூவர்.

ஊழியர் பதினொரு பேர், கையெழுத்து ஏழு. மீதி நால்வருக்கு இடம் விட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். இந்த மடலுக்குச் சட்டம் போடும் கடைக்காரர், கீழே வெறுமையாய் இருக்கிறதே, அழகுக்காக வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அதையும் சேர்த்தே கண்ணாடி போடுங்கள் என்று சொல்லிவிட்டோம்.